இரண்டு தட்டினால் சிவப்பு

ஸ்டோர் அறையின் பலகை மேல் பன்னிரண்டு டார்ச்சுகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கருத்த உலோக உடல், வாய்விளிம்பில் பல்வரிசை, முதுகில் ஒற்றை ரப்பர் பொத்தான். அவை வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் மேல், முகத்தில் கரி பூசிய போர்வீரன் ஒருவன் அத்தகைய டார்ச்சை ஏந்தி இருளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக்கல் குவாரியின் சுரங்கப்பாதையில் வேலை செய்வோர் இரண்டு வாரம் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்துத் தத்தம் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது பொறியாளரின் உத்தரவு. கருத்து நல்லபடியாக அமைந்தால், பழைய கண்ணாடிக் கைவிளக்குகள் அத்தனையும் துரு இரும்போடு போய்ச் சேரும்.

"டாக்டிக்கல்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?" என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டான் கொக்கிக்காரன்.

"பட்டாளத்துல வச்சிருக்கற மாதிரியாம்," என்றார் ஸ்டோர்க்காரர்.

"நமக்கு எதுக்கு? நாம யாரோட சண்டைக்குப் போறோம்?"

"உங்க மாமாகிட்ட ஒண்ணு குடு. தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போறாரில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா என்று சுட்டப்பட்டவர் கொக்கிக்காரனின் அக்காள் கணவர், சுரங்கப்பாதையின் விளக்குக்காரர். அவரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை. பார்வை அந்த ஒற்றைப் பொத்தானை விட்டு அகலவில்லை.

என்ஜின் ஓட்டுநருக்குச் சங்கு என்பது பட்டப்பெயர். தண்டவாளத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தாலும் ஹாரனை முழக்கிவிட்டுத்தான் அப்பால் போவான். அவன் டார்ச்சைக் கையில் எடுத்ததிலிருந்து கீழே வைக்கவில்லை.

"அண்ணே, இதைப் பாருங்க. ஒரு தட்டு தட்டினா வெள்ளை. ரெண்டாந்தட்டு சிவப்பு. மூணு பச்சை. நாலு நீலம். கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சா அணைஞ்சுடும். உங்க பழைய விளக்கு அந்த வளைவுல மின்மினிப்பூச்சி கணக்கா தெரியும். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்து எனக்குத் தலைவலியே வந்துடும். இது மூஞ்சியில அறையுற மாதிரி இருக்கு. பாதி உசிரு திரும்பி வந்த மாதிரி இருக்கு எனக்கு."

ஸ்டோர்க்காரர் தம் பங்குக்கு ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். இன்னொன்றைத் தோள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டார். இரண்டும் எரிந்தன. "ஒண்ணு வாங்குற விலைக்குப் பழைய விளக்கு ரெண்டு வாங்கலாம். ஆனா அதுல மாசம் ஒரு கண்ணாடி உடையுதே. இதுதான் லாபம்," என்று தீர்ப்பளித்தார்.

கொக்கிக்காரன் நீல ஒளியைத் தன் உள்ளங்கையில் விழவிட்டுப் பார்த்தான். "ஐயோ, பேய்க்கை! அக்கா பையனை மிரட்ட ஆச்சு. எனக்குப் பிடிச்சிருக்கு."

"விளக்கண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க கையிலதானே இருக்கப் போகுது," என்றான் சங்கு.

"வேண்டாம்," என்றார் விளக்குக்காரர்.

"ஏன்?"

"பழசு நல்லாத்தானே இருக்கு."

"அது ஒரு காரணமா?"

"கைக்கு அடங்கல."

"பழசு பூசணிக்காய் அளவு இருக்கே, அது மட்டும் அடங்குச்சா?" என்றான் சங்கு. "உங்களுக்குப் புதுச் சட்டை போட்டாலே உடம்பு அரிக்கும். ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் நீங்களே தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுப்பீங்க."

காரணம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் அந்தக் கணமே வேலை போய்விடும். விளக்குக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. பிறவியிலேயே அமைந்த குறை. வெண்மை தெரியும், நீலம் தெரியும். உலகம் சிவப்பென்றும் பச்சையென்றும் கொண்டாடுகிற இரண்டும் அவருக்கு மழைக்காலத்துக் குட்டைநீர் போல ஒரே கலங்கல். வேலைக்குச் சேர்ந்த நாளில் மருத்துவர் காட்டிய நிறப்புள்ளிப் புத்தகத்தின் எண்களை, தமக்கு முன்னால் சென்று வந்தவனிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனார். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே புத்தகம், அதே பக்கங்கள், அதே எண்கள். இந்தக் குறை அவர் மனைவி ஒருத்தியைத் தவிர வேறெவர்க்கும் தெரியாது.

பத்தொன்பது ஆண்டுகள் அவரைக் காத்து நின்றது பழைய கைவிளக்கின் பித்தளைக் குமிழ். வலப்பக்கம் திருப்பினால் சிவப்புக் கண்ணாடி சுடரை மூடும். இடப்பக்கம் திருப்பினால் பச்சை. திருப்பி முடிந்ததும் 'டக்' என்று ஓர் ஒலி விரல்நுனிக்குள் இறங்கும். கண் அறியாததைக் கை அறிந்திருந்தது. ஒருநாளும் பிழை நேர்ந்ததில்லை.

பிழை நேரக்கூடாத இடம் அது. சுரங்கப்பாதையின் நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் என்ஜின். இப்பால் கல்லேற்றிய பெட்டிகள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே புகுந்து கொக்கி மாட்டுபவன் அவர் மைத்துனன். ஓட்டுநருக்கு அவன் தெரியமாட்டான். என்ஜின் இரைச்சலில் குரலும் எட்டாது. வளைவில் நிற்கும் விளக்கு ஒன்றே இருவர்க்கும் பொதுவான மொழி. சிவப்பென்றால் உள்ளே ஆள் இருக்கிறான். பச்சையென்றால் தள்ளலாம், ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத் தள்ளுவான்.

அன்று மாலை விளக்குக்காரர் டார்ச்சோடு வீட்டுக்கு வந்தார். மனைவி குளியலறைக் கதவைச் சாத்தி, சன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

"தட்டுங்க. இது என்ன?"

"வெள்ளை."

"இப்ப?"

"ரெண்டாந்தட்டு. சிவப்பு."

"தட்டை எண்ணிச் சொல்றீங்க. பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்தா என்னடி தெரியும் எனக்கு? தக்காளி வாங்க என்னை அனுப்புறியா நீ?"

அவள் சிரிக்கவில்லை. "பேசாம சொல்லிடுங்களேன். வேற வேலை குடுக்கட்டும்."

"பத்தொன்பது வருஷம் மறைச்சவனுக்கு வேலை குடுப்பாங்களா? இந்த வீடும் கம்பெனி வீடு. சாமான் சட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? பையன் படிப்பு என்ன ஆகுறது?"

"இன்னொரு தடவை," என்றாள். இருநூறு முறை தட்டினார். அணைத்து மீண்டும் ஏற்றினால் டார்ச் எப்போதும் வெள்ளையிலிருந்தே தொடங்கியது. ஆகவே இரண்டு தட்டினால் சிவப்பு, மூன்று தட்டினால் பச்சை. பித்தளைக் குமிழ் போனால் எண்ணிக்கை இருக்கிறது என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டார். ஒன்றுதான் இடித்தது. தட்டிக்கொண்டு போகையில் நடுவில் வரும் நிறத்தை ஓட்டுநர் பார்த்து மயங்கிவிடக் கூடாதே! அதற்கும் ஒரு வழி கண்டார். டார்ச்சின் வாயைக் கனத்த மேலங்கியோடு சேர்த்து மார்பில் அழுத்திக்கொண்டு தட்டுவார். வேண்டிய நிறம் வந்தபின்னரே உயர்த்திக் காட்டுவார்.

"விளக்கண்ணன் டார்ச்சைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு," என்று சங்கு கேலி செய்தான். எட்டு நாள் கேலியோடு கழிந்தது. ஸ்டோர்க்காரர்கூட, "என்ன, மனசு மாறிடுச்சா?" என்று கேட்டார். "பரவாயில்லை," என்றார் விளக்குக்காரர்.

ஒன்பதாம் நாள் முற்பகல். முதல்நாள் பெட்டிகள் சுரங்கத்திலேயே நின்றிருந்தன. கொக்கி மாட்டுவதே அன்றைய முதல் வேலை. மைத்துனன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தான். விளக்குக்காரர் டார்ச்சை மார்பில் அழுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணித் தட்டினார். உயர்த்தினார். கலங்கல் ஒளி ஒன்று சுரங்கத்தின் கற்சுவரில் பாய்ந்து வளைவுக்கு அப்பால் சென்றது.

ஹாரன் ஒலித்தது. ஒருமுறை.

அந்த ஒலி அவர் காதில் விழுந்தது. அதன் பொருள் நெஞ்சில் விழ அரை நொடி பிந்தியது. "டேய், வெளிய வா! வெளிய வாடா!" என்று அலறிக்கொண்டு ஓடினார். இரும்போடு இரும்பு மோதும் ஓசை அதற்குள் வந்துவிட்டது. மைத்துனன் உடலை வெளியே எறிந்துவிட்டான். இடக்கையை எடுக்க அவனுக்குப் பொழுதில்லை.

மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதைக் காப்பாற்ற முடியுமா என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார்கள்.

பிற்பகலில் பொறியாளர் அம்மையார் தம் அறையில் விசாரித்தார். ஓட்டுநர், "பச்சை காட்டினாங்க, தள்ளினேன்," என்றான். விளக்குக்காரர், "சிவப்புதான் காட்டினேன்," என்றார். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. இரண்டு தட்டுகளையும் எண்ணியது விரலில் இன்னும் இருந்தது. டார்ச்சை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். நான்கு நிறமும் பளிச்சென்று வந்தன. டார்ச்சில் குறையில்லை, பத்தொன்பது ஆண்டு பிழையில்லாத விளக்குக்காரர் சொல்லில் குறை காண யாருக்கும் தோன்றவில்லை. எஞ்சியவன் ஓட்டுநர் ஒருவனே. சிவப்பை மீறி வண்டியைத் தள்ளியவனுக்கு அந்த நிறுவனத்தில் இடமில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார் பொறியாளர்.

மாலையில் மருத்துவமனை வராந்தாவின் பெஞ்சில் விளக்குக்காரரும் மனைவியும் அமர்ந்திருந்தார்கள்.

"எத்தனை தட்டினீங்க?" அவள் குரல் அவருக்கே எட்டுமளவுதான் இருந்தது.

"ரெண்டு."

"எண்ணினீங்களா?"

"என் அம்மா மேல ஆணையா எண்ணினேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். அப்போது படியேறி வந்தான் சங்கு. ஒரே நாளில் அவன் முகம் உலர்ந்திருந்தது. விளக்குக்காரரின் மனைவியைப் பார்த்ததும் கைகூப்பினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவன் பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுவான் போல் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நிஜமாவே சிவப்பா காட்டினீங்க?"

"ஆமா."

"எனக்குப் பச்சையா தெரிஞ்சுதே அண்ணே. இப்பக்கூட கண்ணை மூடினா பச்சையாத்தான் வருது. வீட்டுக்குப் போனா, என் பொண்டாட்டி ஒவ்வொரு துணியா எடுத்துக் காட்டி இது என்ன கலரு, இது என்ன கலருன்னு கேட்குறா. எல்லாம் சரியாத்தான் சொல்றேன். அப்ப அங்க மட்டும் என்ன ஆச்சு? புத்தி பேதலிச்சுப் போச்சா எனக்கு?"

விளக்குக்காரர் தம் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"இந்தப் பாழாப்போன டார்ச்சு மேல எனக்கு என்ன ஆசை! நேத்து சாயங்காலம்கூட உட்கார்ந்து அதோட புத்தகத்தை முழுக்கப் படிச்சேன். பொத்தானைப் பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா, கடைசியா எந்தக் கலர்ல அணைச்சோமோ அதுலயே திரும்பவும் எரியுமாம். அண்ணனுக்குச் சிவப்புதான் எப்பவும் வேணும், தட்டித் தட்டி விரல் நோகுமேன்னு, ஸ்டோர்ல இருந்த பன்னிரண்டையும் மாத்தி, சிவப்புல வச்சு அணைச்சுட்டுப் போனேன். முதல் தட்டுலயே சிவப்பு. ஸ்டோர்க்காரர்கிட்ட சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா அவரு?"

விளக்குக்காரர் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். முதல் தட்டில் சிவப்பு. அப்படியானால் இரண்டாம் தட்டில்...

சங்கு ஏதும் ஐயுறவில்லை. எப்படி ஐயுறுவான்? கண் உள்ளவர் எத்தனை முறை தட்டினால்தான் என்ன. கையிலிருப்பது என்ன நிறம் என்று பார்த்துத்தானே உயர்த்திக் காட்டுவார்? பச்சையை ஏந்திக்கொண்டு சிவப்பென்று நம்பி நிற்கும் ஒரு மனிதரை அவனால் கற்பனை செய்யவும் இயலாது. ஆகவே பாவம், தன் கண்ணையே பழித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்கணும்னு வந்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் தைரியம் போயிடுச்சு. நீங்களே சொல்லிடுங்க அண்ணே," என்று எழுந்து போனான்.

அவன் இறங்கிப் போனபின் மனைவி கதவோரத்திலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவர் காலடியில் தரையில் அமர்ந்து அவர் முழங்காலைப் பற்றிக்கொண்டாள்.

"சொல்லாதீங்க."

"அவன் வேலை போகுதுடி."

"யாரு அவனை மாத்தி வைக்கச் சொன்னது? கேட்டோமா நாம? பாதித் தப்பு அவனோடது. அவனுக்கு வயசு இருக்கு, வேற எங்கயாவது என்ஜின் ஓட்டுவான். உங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

"கண்ணு சரியில்லாதவன்னு எழுதி அனுப்பினா அவனுக்கு எவன் என்ஜின் குடுப்பான்?"

"அவனை விடுங்க. உள்ள படுத்திருக்கானே, அவனுக்கு என்ன சொல்வீங்க? மாமான்னு உங்க விளக்கை நம்பித்தானே குனிஞ்சான்? நீங்கதான்னு தெரிஞ்சா என் தம்பி என் வீட்டு வாசப்படி மிதிப்பானா? நானும்தானே மறைச்சேன். குளியலறையில உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேனே. என் விரலை எடுத்திருக்கக் கூடாதா?"

அவர் அவள் தலைமேல் கை வைத்தார். இறைவனை வேண்ட நினைத்தார். நாள்தோறும் நாவில் தாமாக வந்து நிற்கும் துதிச்சொற்களுள் ஒன்றும் அன்று வரவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? மறைத்தது மறைந்தே இருக்கட்டும் என்று கேட்பதா? அப்படிக் கேட்கவும் நா கூசிற்று. வேறு எதைக் கேட்கவும் நெஞ்சு துணியவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பொறியாளர் அறையில் சங்கும் விளக்குக்காரரும் ஸ்டோர்க்காரரும் இருந்தார்கள். சங்கு எழுதிக் கொண்டுவந்த தாளைப் பொறியாளர் உரக்கப் படித்தார். 'விளக்குக்காரர் காட்டியது சிவப்பாகவே இருக்க வேண்டும். அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்லர். என் கண்ணோ புத்தியோ பிழை செய்திருக்கிறது. எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன்.'

பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

"மேடம்," என்றார் விளக்குக்காரர். "அது பச்சைதான்."

"என்ன சொல்றீங்க? நேத்து சிவப்புன்னு சொன்னீங்களே?"

"சிவப்புன்னு நினைச்சேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். பிறந்ததுலேருந்தே அப்படித்தான். குமிழைத் திருப்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். இதுல தட்டை எண்ணி ஓட்டினேன். இவன் எனக்கு நல்லது செய்யறதா நினைச்சு மாத்தி வச்சான், எண்ணிக்கை ஒண்ணு தள்ளிப் போயிடுச்சு. இவன் கண்ணுல ஒரு குறையும் இல்ல."

ஸ்டோர்க்காரர் மெல்ல, "ஐயோ, என்கிட்ட சொன்னானே... நான் இவர்கிட்ட சொல்ல மறந்துட்டேனே..." என்று முனகினார்.

சங்கு நன்றி சொல்வான் என்று விளக்குக்காரர் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அவன் எழுந்து நின்ற விதம் அவரைப் பின்வாங்கச் செய்தது.

"பத்தொன்பது வருஷம்," என்றான் சங்கு. "அதுல பதினோரு வருஷம் நான் உங்க விளக்கைப் பார்த்துத் தள்ளியிருக்கேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ள ஒரு ஆளு குனிஞ்சுக்கிட்டு நின்னிருக்கான். நீங்க எனக்குக் காட்டினது என்னன்னு உங்களுக்கே தெரியாதா? நேத்து ராத்திரி நான் எங்கெங்க போய் விழலாம்னு யோசிச்சேன் தெரியுமா உங்களுக்கு? என் கண்ணை நானே நோண்டி எறிஞ்சுடலாம்னு இருந்துச்சு. நீங்க பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் விளக்குக்காரர்.

அவன் தன் தாளைப் பொறியாளர் மேசையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்தான். அவரைப் பாராமலே வெளியேறினான்.

பொறியாளர் விளக்குக்காரரிடம், அடையாள அட்டையை மேசைமேல் வைக்கும்படியும், வீட்டை ஒரு மாதத்தில் ஒழித்துக் கொடுக்கும்படியும், மற்றவற்றைச் சட்டப்பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். சொல்லும்போது குரலில் கடுமை இல்லை. அது விளக்குக்காரருக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"அந்த டார்ச் பத்தி உங்க கருத்து மட்டும் இன்னும் வரல," என்றார் ஸ்டோர்க்காரர், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"அதை விடுங்க இப்ப," என்றார் பொறியாளர்.

"இல்ல மேடம், சொல்லிடறேன்," என்றார் விளக்குக்காரர். "நல்ல டார்ச்சு. வாங்கிடுங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் நல்லாத் தெரியும்னு அவன் முதல் நாளே சொன்னான். கொடுக்குற காசுக்குத் தகும். கண்ணு இருக்கறவன் கையில குடுங்க."

அட்டையை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு நடந்தார். வெயில் ஏறியிருந்தது. இரண்டு தெருவைக் கடந்ததும், பாதையை மறந்தவர்போல் ஒரு கடையோரத்தில் நின்றார். யாரோ, "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்கவும் மீண்டும் நடந்தார்.

மைத்துனன் விழித்திருந்தான். மூன்றாவது விரலும் போய்விட்டதென்பது மனைவியின் முகத்தைப் பார்த்த அளவிலேயே தெரிந்தது. கட்டுப்போட்ட கை தலையணை மேல் ஒரு குழந்தையைப்போல் தனியே கிடந்தது.

"வா மாமா," என்றான் அவன். "என்ன ஆச்சு? அந்தச் சங்குப் பயலைத் தூக்கிட்டாங்களா இல்லையா? இந்தக் கையோட எழுந்து வந்தேன்னா இருக்கிற ரெண்டு விரலாலயே அவன் குரல்வளையைப் பிடிப்பேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் பார்வையிலிருந்து விடை அறிந்தவள், கட்டிலின் இரும்புக் கம்பியை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

விளக்குக்காரர் முக்காலியை இழுத்துப்போட்டு, அந்தக் கட்டுப்போட்ட கைக்கு அருகே அமர்ந்தார்.

"அவனைத் தூக்கல," என்றார். "என்னைத் தூக்கிட்டாங்க."

"உன்னையா? உன்னை எதுக்கு?" என்ற மைத்துனன், மாமா ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரிக்க ஆயத்தமானான்.